மலை மிதிவண்டிப் பயணக் கருவிகளும் உதிரிப்பாகங்களும்

மலை மிதிவண்டிப் பயணக் கருவிகளும் உதிரிப்பாகங்களும் என்பவை, மலைத்தடங்களிலும் காட்டுப் பாதைகளிலும் மிதிவண்டி ஓட்டுபவர் வழியில் ஏற்படும் பழுதுகளைத் தாமே சரிசெய்துகொள்வதற்காக உடன் எடுத்துச் செல்லும் பொருட்கள் ஆகும். காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஆலன் சாவிகள் அடங்கிய கூட்டுக் கருவி, சங்கிலி ஆணி கழற்றி, சங்கிலி இணைப்பி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை மிதிவண்டியின் சட்டகத்திலோ, இருக்கைக்கு அடியிலோ, ஓட்டுநரின் இடுப்புப் பை அல்லது முதுகுப் பையிலோ வைக்கப்படுகின்றன. எவற்றை எடுத்துச் செல்வது என்பது பயணத்தின் தொலைவு, தடத்தின் தன்மை, வண்டியின் அமைப்பு, உடன் செல்வோரின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும்.

தேவை

நகர வீதிகளில் மிதிவண்டி பழுதடைந்தால் அருகிலுள்ள கடைக்கு உருட்டிச் செல்லலாம். வண்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பலாம். மலைத்தடங்களில் இவ்வாய்ப்புகள் இருப்பதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் உள்ளே சென்ற ஒருவர், வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி நடந்தால் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலை நான்கு மணிக்கு ஏற்படும் ஒரு சிறிய பஞ்சர், இரவு ஒன்பது மணி வரை காட்டில் நடக்கும் நிலையை உண்டாக்கக்கூடும். உயரமான இடங்களில் கதிரவன் மறைந்தபின் வெப்பநிலை விரைவாகக் குறையும். வியர்வையில் நனைந்த உடையுடன் இருப்பவருக்கு உடல் வெப்பக் குறைவு ஏற்படும் இடர் உண்டு. பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் கைப்பேசி அலைத்தொடர்பும் கிடைப்பதில்லை. இக்காரணங்களால் பழுதுபார்க்கும் பொருட்கள் மலை மிதிவண்டி ஓட்டத்தில் பாதுகாப்புப் பொருட்களாகவே கருதப்படுகின்றன.

வரலாறு

வண்டியை ஓட்டுபவரே பழுது பார்க்க வேண்டும் என்னும் மரபு மலை மிதிவண்டியை விடப் பழமையானது. தொடக்ககால டூர் டி பிரான்சு பந்தயத்தில் ஓட்டுநர்கள் பிறர் உதவியின்றித் தாமே பழுதுபார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1913ஆம் ஆண்டுப் பந்தயத்தில் யூசின் கிறித்தோஃப் என்பவரின் வண்டியின் முன்கவை பிரனீசு மலைத்தொடரிலுள்ள தூர்மலே கணவாயின் இறக்கத்தில் உடைந்தது. அவர் வண்டியைச் சுமந்து நடந்து, செயின்ட் மரீ டி கம்பான் என்ற சிற்றூரிலுள்ள கொல்லர் உலையை அடைந்து, கவையைத் தாமே பற்றவைத்தார். உலைத் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கியதைப் பிறர் உதவியாகக் கருதிய நடுவர்கள் அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை நேரம் விதித்தனர். இது பின்னர் மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

மலை மிதிவண்டி ஓட்டம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் மாவட்டத்தில் உருப்பெற்றது. அங்குள்ள இளைஞர்கள் அகன்ற டயர்களைக் கொண்ட பழைய, கனமான மிதிவண்டிகளை மாற்றியமைத்து மலைப்பாதைகளில் ஓட்டினர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்சு நகருக்கு அருகே செங்குத்தான மண்பாதை ஒன்றில் இறக்கப் பந்தயம் நடத்தப்பட்டது. இப்பந்தயம் 'ரீபேக்' எனப் பெயர் பெற்றது. பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பிரேக்குகள் நீண்ட இறக்கத்தில் சூடேறி, சக்கரக் குடத்திலுள்ள கிரீசு புகைந்து வெளியேறிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் குடத்தைப் பிரித்துக் கிரீசை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. மலை மிதிவண்டிப் பந்தயங்களுள் முன்னோடியான ஒன்று பழுதுபார்க்கும் வேலையால் பெயர் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் உருவான குறுக்குநாட்டுப் பந்தயங்களிலும் ஓட்டுநர் தமது கருவிகளைத் தாமே சுமக்க வேண்டும், வெளியுதவி பெறலாகாது என்னும் விதி நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. பிற்காலத்தில் உலக மிதிவண்டி ஓட்டக் கூட்டமைப்பின் பந்தயங்களில், குறிக்கப்பட்ட உதவி இடங்களில் மட்டும் பழுதுபார்ப்பு உதவி பெற அனுமதிக்கப்பட்டது. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிக்கோ எல்லை வரை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் செல்லும் டூர் டிவைட் போன்ற நெடுந்தொலைவு ஓட்டங்களில் தன்னுதவி விதி தொடர்கிறது. அவற்றில் வழியிலுள்ள கடைகளில் பொருள் வாங்கலாம். தமக்கென முன்னேற்பாடு செய்த துணைக்குழுவின் உதவியைப் பெறலாகாது.

தெரிவு செய்யும் முறை

வண்டியில் பழுதடையக்கூடிய எல்லாப் பாகங்களுக்கும் மாற்று எடுத்துச் செல்வது இயலாது. எனவே பொருட்களைத் தெரிவு செய்கையில் மூன்று கேள்விகள் பயன்படுகின்றன.

1. இப்பழுது வண்டியை முற்றிலும் ஓட்ட முடியாததாக ஆக்குமா?
2. கைக்கருவிகளைக் கொண்டு வழியிலேயே இதைச் சரிசெய்ய இயலுமா?
3. வேறு பொருளைக் கொண்டு தற்காலிகமாகச் சமாளிக்க இயலுமா?

எடுத்துக்காட்டாக, பின் பற்சக்கர மாற்றியின் கம்பிவடம் அறுந்தால் பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி மிகச்சிறிய பற்சக்கரத்திற்கு நகர்ந்து அங்கேயே நின்றுவிடும். ஏற்றங்களில் இறங்கித் தள்ள நேர்ந்தாலும் வண்டி ஓடும். ஆதலால் குறுகிய பயணத்திற்கு மாற்றுக் கம்பிவடம் தேவையில்லை. சக்கரக் குடத்தின் பந்துத் தாங்கி உடைந்தால் அதை வழியில் சரிசெய்ய இயலாது. ஆகவே அதற்கான கருவியைச் சுமப்பதில் பயனில்லை. டயரிலிருந்து காற்று இறங்குதல், சங்கிலி அறுதல் ஆகிய இரண்டும் வண்டியை நிறுத்திவிடும். ஆனால் இரண்டையும் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். எனவே மிகக் குறைந்த பொருட்களுடன் செல்பவரும் இவ்விரண்டுக்கும் உரியவற்றை விடுவதில்லை.

எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளும் தமது வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டியூபின் விட்டம், வால்வின் வகை, சங்கிலியின் அகலம், அச்சைக் கழற்றும் சாவி, பிரேக் பட்டையின் வடிவம் ஆகியன வண்டிக்கு வண்டி வேறுபடும்.

டயரும் காற்றும்

பழுதுகளுள் மிகுதியாக நேர்வது பஞ்சர் ஆகும். முட்கள், கூரிய கற்கள் ஆகியவற்றாலும், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்குவதாலும் இது ஏற்படுகிறது. நசுங்கலால் ஏற்படும் பஞ்சரில் டியூபில் அருகருகே இரண்டு கிழிசல்கள் காணப்படும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் மிதிவண்டி ஓட்டுநர்கள் மிகவும் அஞ்சும் முள் 'ஆட்டுத்தலை' என அங்கு அழைக்கப்படுகிறது. இது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நன்கு அறியப்பட்ட நெருஞ்சி முள்ளே ஆகும். அமெரிக்காவில் இது வெளியிலிருந்து வந்து பரவிய களைச்செடியாகும். மாறாக, தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் டயர்களைப் பதம்பார்க்கும் சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டது.

1999இல் மாவிக் நிறுவனம் டயர் நிறுவனங்களுடன் இணைந்து மலை மிதிவண்டிகளுக்கான டியூப் இல்லா டயர் முறையை அறிமுகப்படுத்தியது. பின்னர் டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றும் வழக்கம் பரவியது. பெரும்பாலும் மரப்பால் கலந்த இத்திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். திரவத்தால் அடைபடாத துளைகளுக்கு, பிசுபிசுப்பான ரப்பர் இழையை ஊசி போன்ற கருவியால் துளைக்குள் செருகுவர். இம்முறையில் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒரு நிமிடத்திற்குள் பழுது பார்க்கலாம்.

டியூப் இல்லா டயர் பயன்படுத்துபவரும் ஒரு மாற்று டியூப் எடுத்துச் செல்ல வேண்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தாலோ, டயர் ரிம்மிலிருந்து விலகினாலோ, டியூபைப் பொருத்துவதே வழியாகும். அப்போது டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்த்து, முட்களை ஒன்று விடாமல் நீக்க வேண்டும். திரவத்தால் முன்பே அடைபட்ட பல முட்கள் ஓட்டுநர் அறியாமலேயே டயரில் தங்கியிருக்கும். அவற்றை நீக்காமல் டியூபைப் பொருத்தினால் காற்றடித்த உடனே அதுவும் பஞ்சராகும். ரிம்மில் உள்ள வால்வைக் கழற்றிய பிறகே டியூபைச் செருக முடியும். வால்வின் திருகு மரை திரவம் உலர்ந்து இறுகியிருக்கலாம் என்பதால், அதை வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது நன்று.

மலை மிதிவண்டிகளில் பிரெஸ்டா, சிரேடர் என இருவகை வால்வுகள் உள்ளன. பிரெஸ்டா வால்வு மெலிதானது. அதற்கென அமைந்த ரிம் துளைக்குள் பருமனான சிரேடர் வால்வு நுழையாது. 29 அங்குலச் சக்கரத்திற்குரிய சாதாரண ரப்பர் டியூப் ஏறத்தாழ 200 கிராம் எடை கொண்டது. நெகிழிவகைப் பொருளால் செய்யப்படும் புதியவகை டியூப்கள் 100 கிராமுக்கும் குறைவானவை, விலை மிகுந்தவை.

காற்றடிப்பதற்குக் கைப்பம்பு, கரியமில வாயு உருளை என்னும் இரண்டும் பயன்படுகின்றன. மலை மிதிவண்டி டயர்கள் அகலமானவை. குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. எனவே ஒவ்வோர் அடிப்பிலும் மிகுந்த காற்றைச் செலுத்தும் பம்பு ஏற்றது. வாயு உருளை சில நொடிகளில் டயரை நிரப்பும். ஆனால் 16 கிராம் உருளை பெரும்பாலும் 29 அங்குல அகன்ற டயருக்குப் போதாது. 20 அல்லது 25 கிராம் உருளை தேவைப்படும். வாயு வெளியேறும்போது உருளை உறைபனி அளவுக்குக் குளிர்வதால் வெறுங்கையால் பிடிக்கலாகாது. கரியமில வாயு ரப்பரின் வழியாக விரைவில் கசிந்துவிடும் என்பதால், வீடு திரும்பியபின் சாதாரணக் காற்றை நிரப்ப வேண்டும். உருளை ஒருமுறையே பயன்படும். பம்பு எத்தனை முறையும் பயன்படும். தொலைதூரப் பயணங்களில் பம்பு விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

சங்கிலி

ஏற்றத்தில் மிகுந்த விசையுடன் மிதிக்கும்போது பற்சக்கரத்தை மாற்றினால் சங்கிலி அறுவதுண்டு. அறுந்த சங்கிலியைச் சரிசெய்ய ஆணி கழற்றியும் விரைவு இணைப்பியும் தேவை. முதலில் வளைந்த கண்ணிகளை ஆணி கழற்றியால் நீக்கி, இருமுனைகளிலும் உட்கண்ணி இருக்குமாறு செய்ய வேண்டும். பின்னர் இணைப்பியின் இரு பாதிகளையும் இருமுனைகளில் செருகிக் கோக்க வேண்டும். இணைப்பி சங்கிலியின் மேற்பகுதியில் இருக்கும்படி பெடலைச் சுழற்றி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும்.

9, 10, 11, 12 பற்சக்கரங்கள் கொண்ட அமைப்புகளின் சங்கிலிகள் அகலத்தில் வேறுபடுவதால் இணைப்பியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். கண்ணிகளை நீக்கியபின் சங்கிலியின் நீளம் குறைந்துவிடும். அந்நிலையில் முன்னும் பின்னும் பெரிய பற்சக்கரங்களில் சங்கிலியை ஏற்றினால் பற்சக்கர மாற்றி உடையக்கூடும்.

பற்சக்கர மாற்றியின் தாங்கி

பின் பற்சக்கர மாற்றியைச் சட்டகத்துடன் இணைப்பது சிறிய அலுமினியத் தாங்கி ஆகும். வண்டி விழும்போது சட்டகத்திற்குச் சேதம் நேராமல், தான் வளைந்து அல்லது ஒடிந்து காப்பதற்காகவே இது மென்மையாக அமைக்கப்படுகிறது. தாங்கி சற்றே வளைந்திருப்பது கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அந்நிலையில் மிகப்பெரிய பற்சக்கரத்திற்கு மாற்றினால் மாற்றி சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டு, மாற்றியும் சக்கரமும் ஒருங்கே சேதமடையக்கூடும். எனவே வண்டி வலப்புறமாக விழுந்த ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து தாங்கியைப் பார்ப்பது நல்ல வழக்கமாகும்.

தாங்கிகள் நெடுங்காலம் வண்டி மாதிரிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான வடிவங்களில் இருந்தன. வழியிலுள்ள கடைகளில் சரியான வடிவம் கிடைப்பது அரிது. 2019இல் சிராம் நிறுவனம் பொதுவடிவத் தாங்கி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டன. தாங்கியின் எடை மிகக் குறைவு என்பதால், நாள் முழுதும் நீளும் பயணங்களில் ஒன்றை எடுத்துச் செல்வது பரிந்துரைக்கப்படுகிறது.

கூட்டுக் கருவி

மலை மிதிவண்டியின் பெரும்பாலான திருகாணிகள் ஆலன் சாவியால் திருகப்படுபவை. 2, 2.5, 3, 4, 5, 6, 8 மில்லிமீட்டர் அளவுகள் பொதுவானவை. பிரேக் வட்டைப் பிணைக்கும் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 'டி-25' எனப்படும் விண்மீன் வடிவச் சாவி தேவைப்படும். இவற்றுடன் திருப்புளியும் ஆணி கழற்றியும் ஒன்றாக மடிந்த கருவியே கூட்டுக் கருவி எனப்படுகிறது. பல கூட்டுக் கருவிகளில் 8 மில்லிமீட்டர் சாவி 6 மில்லிமீட்டர் சாவியின் மேல் மாட்டும் உறையாகத் தரப்படுகிறது. அது எளிதில் தொலையக்கூடியது. கருவி புதிதாக வாங்கப்பட்டதும், வண்டியின் ஒவ்வொரு திருகாணியிலும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சில இடங்களில் சட்டகம் இடையூறாக இருப்பதால் குட்டையான சாவி திருகாணியை எட்டாது.

பிற பொருட்கள்

* நெகிழிக் கட்டுப்பட்டைகள் – தளர்ந்த பாகங்களைக் கட்டுவதற்கு.
* துணி ஒட்டுநாடா – தனி உருளையாக எடுத்துச் செல்லாமல், பம்பின் மேல் சில சுற்றுகள் சுற்றி வைப்பது வழக்கம்.
* டயர் நெம்புகோல்கள் – இரண்டு.
* பிரேக் பட்டைகள் – மழையும் சேறும் மிகுந்த தடங்களில் ஒரே நாளில் பட்டைகள் தேய்ந்துவிடலாம்.
* தடித்த நெகிழித் துண்டு அல்லது பழைய டயர்த் துண்டு – டயர்க் கிழிசலுக்கு உள்ளிருந்து வைப்பதற்கு.
* சிறு விளக்கு, ஊதல், முதலுதவிப் பொருட்கள், மெல்லிய மழைச்சட்டை – பழுதைச் சரிசெய்ய இயலாமல் நடந்து திரும்பும் நிலைக்கு.

எடுத்துச் செல்லும் முறைகள்

இருக்கைக்கு அடியில் கட்டும் சிறுபை சாலை மிதிவண்டிகளிலிருந்து வந்தது. இருக்கையைத் தாழ்த்தும் வசதியுள்ள மலை மிதிவண்டிகளில் இது பின்சக்கரத்தில் உரசும் வாய்ப்புள்ளது. 1989இல் டெக்சசைச் சேர்ந்த மைக்கேல் ஐட்சன் என்பவரின் முயற்சியால் உருவான குழாய் பொருத்திய நீர்ப்பைகள், பின்னர் மலை மிதிவண்டி ஓட்டுநர்களிடையே பரவலாயின. நீருக்கென வந்த முதுகுப் பையிலேயே கருவிகளும் இடம்பெற்றன. இதன் கொள்ளளவு மிகுதி என்றாலும், முதுகில் வியர்வை தேங்குவதும் உடலின் ஈர்ப்பு மையம் உயர்வதும் குறைகளாகக் கூறப்படுகின்றன. இடுப்புப் பை இவ்விரண்டையும் ஓரளவு குறைக்கிறது.

கருவிகளை வண்டியிலேயே வைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. சட்டகத்தின் கீழ்க்குழாயினுள் மூடியுடன் கூடிய அறை, கைப்பிடிக் குழாயின் முனைகள், முன்கவைக் குழாயின் உட்புறம் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. கருவிகள் எப்போதும் வண்டியிலேயே இருப்பதால் மறந்துவிட்டுச் செல்லும் வாய்ப்புக் குறைவு.

பையில் வைக்கும்போது பம்பு போன்ற கடினமான பொருட்கள் முதுகெலும்பை ஒட்டி இருக்கலாகாது. வண்டியிலிருந்து விழும்போது அவை காயத்தை மிகுவிக்கக்கூடும். இதே காரணத்தால் கூரிய கருவிகளைச் சட்டைப் பையில் வைப்பதும் தவிர்க்கப்படுகிறது.

பயணத்திற்கேற்ற அளவு

ஓரிரு மணி நேரப் பயணத்திற்கு டியூப், பம்பு, நெம்புகோல், துளையடைப்பு இழை, கூட்டுக் கருவி, சங்கிலி இணைப்பி ஆகியவை போதுமானவை. நாள் முழுதும் நீளும் பயணத்திற்கு இவற்றுடன் இரண்டாவது டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், மாற்றியின் தாங்கி, பிரேக் பட்டை, விளக்கு ஆகியன சேர்க்கப்படும். பல நாள் பயணங்களில் கம்பிவடம், சக்கரக் கம்பிகள், கம்பி முறுக்கும் சாவி, அடைப்புத் திரவம், சங்கிலி எண்ணெய், ஊசி நூல் ஆகியனவும் இடம்பெறும்.

குழுவாகச் செல்வோர் பம்பு, ஆணி கழற்றி முதலியவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆயினும் தமது வண்டிக்கு மட்டுமே பொருந்தும் டியூப், இணைப்பி, தாங்கி ஆகியவற்றை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். பொதுக்கருவிகளை வைத்திருப்பவர் குழுவின் கடைசியில் வருவது வசதியானது. அவர் முன்னே சென்றுவிட்டால், பின்னால் பழுதடைந்து நிற்பவருக்குக் கருவி கிடைக்காது.

தற்காலிகப் பழுதுபார்ப்பு

உரிய பொருள் இல்லாதபோது கையாளப்படும் சில முறைகள் வருமாறு:

* மாற்று டியூபும் ஒட்டும் பொருளும் இல்லையெனில், டியூபைத் துளையுள்ள இடத்தில் அறுத்து முனைகளை இறுக முடிச்சிட்டுக் காற்றடிக்கலாம். சக்கரம் குதித்து ஓடும் என்பதால் மெதுவாகச் செல்ல வேண்டும்.
* டயருக்குள் புல்லை இறுக அடைத்து ரிம்மைக் காக்கலாம்.
* டயர்க் கிழிசலுக்கு உள்ளே மடித்த பணத்தாள் அல்லது தின்பண்ட உறையை வைத்து, டியூப் வெளியே பிதுங்காமல் தடுக்கலாம்.
* மாற்றி உடைந்தால் அதைக் கழற்றிவிட்டு, சங்கிலியைக் குறைத்து ஒரே பற்சக்கரத்தில் ஓடுமாறு இணைக்கலாம். பின்புற அதிர்வு தாங்கியுள்ள வண்டிகளில் சட்டகம் அசையும்போது சங்கிலியின் இழுவிசை மாறுவதால் இம்முறை நன்கு பயன்படுவதில்லை.
* உடைந்த சக்கரக் கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டலாம்.

பிரேக் செயலிழந்தாலும், கைப்பிடி, முன்கவை, சட்டகம் ஆகியவற்றில் விரிசல் காணப்பட்டாலும் தற்காலிகமாகச் சரிசெய்து ஓட்டுவது ஆபத்தானது. அவ்வேளைகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதே தக்கது.

பராமரிப்பு

பையில் மாதக்கணக்கில் கிடக்கும் பொருட்கள் தேவைப்படும்போது பயன்படாமற் போவதுண்டு. டியூப், கருவிகளுடன் உரசி ஓட்டையாகும். எனவே அதைத் துணியில் அல்லது பழைய காலுறையில் சுற்றி வைப்பர். பஞ்சர் ஒட்டும் சொல்யூசன் குழாய் ஒருமுறை திறக்கப்பட்டால் சில மாதங்களில் உலர்ந்துவிடும். டயரிலுள்ள அடைப்புத் திரவமும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மழையில் நனைந்த கூட்டுக் கருவி துருப்பிடித்து மடிப்புகள் இறுகும். பயன்படுத்திய பொருளுக்கு மாற்றாகப் புதியதை அன்றே பையில் வைப்பது நல்ல பழக்கமாகும்.

கருவிகளைக் கையாளும் பயிற்சியும் இன்றியமையாதது. டயரைக் கழற்றி மாட்டுதல், சங்கிலியைப் பிரித்துக் கோத்தல் ஆகிய இரண்டையும் வீட்டில் ஒருமுறையேனும் தாம் எடுத்துச் செல்லும் கருவிகளைக் கொண்டே செய்து பார்க்க வேண்டும். டயர் ரிம்மில் மிக இறுக்கமாக இருப்பதும், பம்பின் வாய் வால்வுக்குப் பொருந்தாததும், சாவி ஒன்று குறைவதும் அப்போதுதான் தெரியவரும்.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* மலை மிதிவண்டி
* பற்சக்கரம்
* டயர்
* முதலுதவி